சின்ன வேட்டைக்கு இலேசான பம்ப் ஷாட்கன்: எடையைக் கடைசியில் பாருங்கள்

முயல், கௌதாரி, காடை சுட எந்தத் துப்பாக்கி நல்லது என்று சென்னையில் யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: எதுவுமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு வேட்டை உரிமத்துக்கென்று சில பிரிவுகள் இருந்தன. 1991 திருத்தம் அவற்றை எடுத்துவிட்டது. பயிரைத் தின்னும் உயிர்களுக்கென்று இருந்த ஐந்தாம் அட்டவணையும் 2022 திருத்தத்தோடு போய்விட்டது. காட்டுப்பன்றியைச் சுடத் தமிழ்நாடு அரசு அனுமதித்திருப்பதும் வனத்துறை ஊழியர்களுக்கு மட்டும்தான். தோட்டம் உங்களுடையது, லைசென்ஸ் உங்களுடையது என்பதால் பன்றி உங்களுடையதாகிவிடாது.

அப்படியானால் இந்த வழிகாட்டி யாருக்கு? இரண்டு பேருக்கு. ஒருவர், அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வேலையாகப் போய், அங்கே சட்டப்படி முயலும் அணிலும் காடையும் வேட்டையாட நினைப்பவர். இன்னொருவர், வீட்டுப் பாதுகாப்புக்கோ பயிற்சிக்கோ இங்கேயே லைசென்ஸ் வாங்கி, கைக்கு அடக்கமாக ஒரு பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையைக் கையால் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஷாட்கன்) வேண்டும் என்று தேடுபவர். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கும் வழிதான் வேறு.

வெளிநாட்டில் இருப்பவர் கடைக்குப் போகும்முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஹெச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு உரிமம், அதன்பிறகுதான் கடை. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கனடாவில் பி.ஏ.எல். எனும் துப்பாக்கி உரிமம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பம்ப் ஷாட்கன் ‘சி’ பிரிவில் வருகிறது. விவசாயிகளுக்கும் களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்காரர்களுக்கும்தான் அது கிடைக்கும். சும்மா முயல் வேட்டைக்குத் தர மாட்டார்கள். அங்கே இருப்பவர் இரட்டைக்குழலைப் பார்ப்பதே நல்லது.

இலேசு எங்கிருந்து வருகிறது

கடையில் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, “அட, இலேசா இருக்கே” என்று வாங்குவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தப்பு. தூக்கிப் பார்க்கும்போது துப்பாக்கி சுடுவதில்லை.

பம்ப் ஆக்‌ஷனில் உதையை வாங்கிக்கொள்ள வெடிவாயுவால் ஓடும் இயக்கம் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. தோட்டாவின் உந்தம் முழுக்கத் தோளுக்குத்தான் வருகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 32 கிராம் ரவை (சின்னச் சின்னக் குண்டுகள்) ஏற்றிய சாதாரண 12 போர் (குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சின்னது) தோட்டா, நொடிக்கு 365 மீட்டர் வேகம், துப்பாக்கி எடை 3.2 கிலோ என்றால் உதை ஏறக்குறைய 27 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ துப்பாக்கியில் போட்டால் 32 ஜூல். அரைக் கிலோ குறைத்ததற்கு ஐந்து ஜூல் கூடுதலாகத் தோள் கட்டுகிறது. பத்துத் தோட்டாவுக்கு மேல் போனால் புதியவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்க ஆரம்பித்துவிடுவார். அதன்பிறகு எதிரே முயல் என்ன, மாடு நின்றாலும் படாது.

இப்போது 20 போரைப் பாருங்கள். 25 கிராம் ரவை, அதே வேகம், 2.8 கிலோ துப்பாக்கி. உதை 19 ஜூல்தான். துப்பாக்கியும் இலேசு, உதையும் குறைவு. சின்ன வேட்டைக்கு முப்பது மீட்டருக்குள் இந்த 25 கிராமே தாராளம்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது: இலேசு வேண்டுமென்றால் 12-ஐ விட்டு 20 போருக்கு இறங்குங்கள். 12 போரை இழைத்து இழைத்து மெலிய வைத்ததை வாங்காதீர்கள்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 20 போரில் 3 அங்குல மேக்னம் தோட்டாவும் வருகிறது, 35 கிராம் ரவையோடு. அதை அதே 2.8 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதை 37 ஜூல் பக்கம் போய்விடும். சாதாரண 12 போரைவிட மோசம். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) 3 அங்குலம் இருப்பதால் 3 அங்குலத் தோட்டாதான் போட வேண்டும் என்று ஒன்றுமில்லை. 2¾ அங்குலத் தோட்டா, அதாவது 70 மி.மீ., அதே சேம்பரில் நன்றாகவே ஓடும்.

28 போரிலும் .410-இலும் பம்ப் துப்பாக்கி உண்டு. இரண்டும் 20-ஐவிடச் சின்னக் குழல், கைக்கு அழகு. ஆனால் .410 குழந்தைக்கு ஏற்றது என்று வாங்கிக் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். 3 அங்குல .410-இல் ரவை பெரும்பாலும் 20 கிராமைக்கூடத் தொடுவதில்லை. குறி கொஞ்சம் தப்பினாலும் விலங்கு காயத்தோடு ஓடும். கைதேர்ந்தவர் கையில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

சட்டகம்: 20 என்று எழுதியிருப்பது போதாது

20 போர் என்று குழலில் பொறித்திருந்தால் மட்டும் துப்பாக்கி இலேசாகிவிடாது. சில தயாரிப்புகளில் 20 போர் குழலை 12 போருக்கான ரிசீவரிலேயே (இயக்கப் பாகங்கள் அடங்கிய நடுச் சட்டகம்) மாட்டுகிறார்கள். ரிசீவரும் சின்னதாகச் செய்யப்பட்ட துப்பாக்கிதான் நிஜமான 20. கையில் எடுத்ததும் இது தெரிந்துவிடும். ரிசீவரின் அடிப்பக்கத்தை, மேகசின் குழாய்க்கு (குழலுக்கு அடியில் தோட்டா அடுக்கும் குழாய்) பின்னால், உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். விரல்கள் இரு பக்கமும் வசதியாகச் சுற்றி வந்தால் சின்னச் சட்டகம்.

பெயர் சொல்லிப் பார்ப்போம். ரெமிங்டன் 870, 1950-இல் வந்தது. எஃகு ரிசீவர், இரட்டை ஆக்‌ஷன் பார் (முன்கட்டையையும் உள்பாகத்தையும் இணைக்கும் தண்டு). 12 போர் 3.2 கிலோ பக்கம். ஆரம்பகால 20 போர் 870-கள் 12-இன் சட்டகத்தில் வந்தவை, கனமானவை. 1970-களில் வந்த சின்னச் சட்டகத்து 20 போர்தான் 2.8 கிலோவுக்கு இறங்கியது. பழையது வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்பர்க் 500, 1960-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அலுமினிய ரிசீவர். சேஃப்டி, ரிசீவரின் பின்புறம் மேலே, கட்டைவிரலுக்கு நேராக. இடதுகைக்காரருக்கு இது பெரிய வசதி. எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி) இரண்டு. அலுமினியத்தால் எடை குறைகிறது, ஆனால் குறைவது நடுவில். குழலின் எடை அப்படியே இருப்பதால் முன்பக்கம் கொஞ்சம் இழுக்கும்.

இதாக்கா 37, பெயரிலேயே ஆண்டு இருக்கிறது, 1937. தோட்டா உள்ளே போவதும் வெளியே விழுவதும் அடிவழியாகத்தான். பக்கவாட்டில் ஓட்டையே கிடையாது. மழையும் தூசியும் உள்ளே போகாது, இடதுகைக்காரர் முகத்தில் காலித் தோட்டா பறக்காது. இதன் 20 போர் 2.7 கிலோ அளவில் நிற்கும். எஃகு ரிசீவரோடு இவ்வளவு இலேசு கிடைப்பது அபூர்வம். சின்ன வேட்டைக்காக மட்டும் ஒன்று வாங்குவதென்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். புதியவர் கற்றுக்கொள்ளவும், உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கவும் என்றால் 870.

பிரவுனிங் பி.பி.எஸ்.-உம் அடிவழி வெளியேற்றம்தான், வேலைப்பாடு நேர்த்தி. ஆனால் 20 போரே 3.2 கிலோ. நாள் முழுக்க நடப்பவருக்குச் சுமை. பெனெல்லி நோவாவில் தோளில் வைக்கும் கட்டையும் ரிசீவரும் ஒரே பாலிமர் வார்ப்பு. அதைக் குறைத்து உங்கள் அளவுக்கு வெட்ட முடியாது. அளவு பொருந்தினால் சரி, இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உடம்புக்குப் பொருந்துகிறதா

எடையைவிட இது முக்கியம். ஷாட்கனில் பின்காட்சி கிடையாது. உங்கள் கண்தான் பின்காட்சி. கட்டையின் அளவு கண்ணை எங்கே கொண்டுபோய் வைக்கிறதோ, ரவை அங்கேதான் போகும்.

அமெரிக்கத் துப்பாக்கிகளின் கட்டை, விசையிலிருந்து பின்தட்டு வரை, பெரும்பாலும் 14 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். ஆறடி ஆளுக்கு அது சரி. ஐந்தரை அடி உயரம் உள்ள நம்மூர் ஆணுக்கு 13½-இலிருந்து 13¾, பெண்களுக்கு 13 அல்லது இன்னும் குறைவு என்று தொடங்கலாம். குளிர்நாட்டில் தடித்த கோட்டு போடுவீர்கள். அதற்கு அரை அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். கோட்டோடு போய் அளந்து பார்ப்பது இன்னும் நல்லது.

சோதனை இப்படி. துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பத்தடி தள்ளி ஆளில்லாத சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். மூடியபடியே துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, புள்ளி இருக்கும் திசைக்கு நீட்டுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் ஏமாற்றிக்கொள்கிறார்கள். குழலின் மேல்பட்டி ஒரு கீற்றாகத் தெரிந்து, அதன் நுனியில் குண்டுமணி (குறிபார்க்க வைத்த சிறு மணி) உட்கார்ந்திருந்தால் பொருத்தம். ரிசீவரின் முதுகு மட்டும் தெரிந்து குண்டுமணி மறைந்திருந்தால் கட்டையின் மேல்விளிம்பு உங்களுக்குத் தாழ்வு, ரவை கீழே போகும். மேல்பட்டி முழுக்க ஒரு ரோடு மாதிரி விரிந்து தெரிந்தால் விளிம்பு உயரம், ரவை மேலே போகும். குண்டுமணி இடப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் கன்னம் சரியாகப் பதியவில்லை, அல்லது இடது கண் ஆதிக்கக் கண். ஐந்து முறை செய்து பார்த்து, நான்கு முறையாவது ஒரே காட்சி வந்தால்தான் நம்பலாம்.

அப்படியே நிலையை மாற்றாமல் மூக்குக்கும் வலது கட்டைவிரலின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள். இரண்டு விரல் அகலம் போதும். அதற்குக் குறைந்தால் சுடும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். நான்கு விரல் இருந்தால் கட்டை நீளம். தோளில் ஏற்றும்போது அக்குளில் சிக்கும்.

பம்ப் துப்பாக்கிக்கென்று இன்னொரு அளவும் உண்டு, பலர் பார்ப்பதில்லை. இடது கை பிடிக்கும் முன்கட்டையை முழுவதும் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். அந்த நிலையில் இடது முழங்கை கொஞ்சமாவது மடிந்திருக்க வேண்டும். கை நேராக விறைத்து நின்றால், சுட்டபிறகு பின்னால் இழுப்பதற்கு வலு வராது. இளையோருக்கான மாடல்களில் பின்கட்டை மட்டுமல்ல, முன்கட்டையும் ஆளை நோக்கித் தள்ளியிருக்கும். கை குட்டையாக உள்ள பெரியவர்கள் கூச்சப்படாமல் அதை எடுக்கலாம்.

குழல், சோக், தோட்டா

வேட்டைக்கு 26 அங்குலக் குழல். பம்ப் துப்பாக்கியின் ரிசீவரே நீளமானது என்பதால் 26 அங்குலக் குழலே இரட்டைக்குழலின் 28, 29 அங்குலத்துக்கு இணையான மொத்த நீளம் தரும். புதருக்குள் நுழைய அதற்குமேல் வேண்டாம். தோட்டாவை நிரப்பிய பிறகும் தூக்கிப் பாருங்கள். மேகசினில் நான்கு தோட்டா போட்டால் ஏறக்குறைய 150-200 கிராம் குழலுக்கு அடியில் சேரும். காலித் துப்பாக்கியின் சமநிலை அதோடு மாறிவிடும்.

சோக், அதாவது ரவை அதிகம் சிதறாமல் குழல் வாயைக் குறுக்கும் பகுதி, கழற்றி மாட்டும் வகையாக இருக்கட்டும். 40 கஜத்தில், அதாவது 36 மீட்டர் சொச்சத்தில், 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது என்பதுதான் அளவு. சோக் இல்லாத சிலிண்டரில் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50, மாடிஃபைடில் 60, ஃபுல்லில் 70. புதரிலிருந்து கிளம்பும் முயலும் காடையும் பெரும்பாலும் இருபத்தைந்து மீட்டருக்குள்தான். அங்கே ஃபுல் சோக்கில் அடித்தால் ஒன்று படாது, பட்டால் இறைச்சி மிஞ்சாது. இம்ப்ரூவ்டு சிலிண்டர் போதும். மரத்தின் உச்சியில் ஒட்டியிருக்கும் அணிலுக்கு மாடிஃபைடு.

ரவை எண்ணில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இந்தியத் தோட்டாக்களின் எண் ஆங்கிலேய வழி வந்தது. அமெரிக்க எண் வேறு. இங்கே 6 என்பது 2.6 மி.மீ., அங்கே 6 என்பது 2.8 மி.மீ. நம்மூர் 4 அங்கே 5-க்குச் சமம். பெட்டியில் மி.மீ. போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அமெரிக்க எண்ணிலேயே சொன்னால் முயலுக்கும் அணிலுக்கும் 6, காடைக்கும் புறாவுக்கும் 7½ அல்லது 8. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. எஃகு ரவை போட்டால் ரவையின் அளவு இரண்டு படி பெரிதாக, அதாவது எண்ணில் இரண்டு குறைவாக எடுங்கள், ஃபுல் சோக்கைக் கழற்றிவிடுங்கள். புறா வலசைப் பறவை என்பதால் அமெரிக்கா முழுவதும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது. மேகசினுக்குள் போடும் மரக் கட்டையோ பிளாஸ்டிக் குச்சியோ புதுத் துப்பாக்கியோடு வரும், தூக்கி எறியாதீர்கள்.

வேட்டைக்குப் போகும்முன் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. நாலடிக்கு நாலடி காகிதம், நடுவில் ஒரு புள்ளி, நீங்கள் நிஜமாகச் சுடப்போகும் தூரம். ரவை அதிகமாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 76 செ.மீ. வட்டம் போடுங்கள். ஒரே தோட்டாவில் ஐந்து காகிதம். உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடங்கள் தெரிந்தால் சோக்கை ஒரு படி இறுக்குங்கள், அல்லது தோட்டாவின் கம்பெனியை மாற்றுங்கள். வட்டத்தின் நடுவே புள்ளியைவிட்டு ஒரு சாண் விலகியிருந்தால் குறை சோக்கில் இல்லை, கட்டையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. 12 போரும் 20 போரும் வீட்டில் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி இறங்கி, சேம்பருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சேம்பர் காலி மாதிரி இருக்கும். “சுடவில்லையே” என்று மேலே ஒரு 12 போரைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடிக்கும், கூடவே இடது கையும். 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். ஆனாலும் எல்லா மஞ்சளும் 20 இல்லை, பெட்டியைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

பம்ப் ஏன் சிக்குகிறது

பத்தில் எட்டுச் சிக்கலுக்குக் காரணம் துப்பாக்கி இல்லை, அரைகுறை இழுப்பு. முன்கட்டை கடைசிவரை பின்னால் வராவிட்டால் காலித் தோட்டா வெளியே தெறிக்காது, அல்லது அது போய்விட்டு அடுத்தது மேலே ஏறாது. மெதுவாக, மரியாதையாக இழுப்பவர்களுக்குத்தான் இது நடக்கும். பம்பை அடித்துத்தான் ஓட்ட வேண்டும். சுட்ட உதையோடு சேர்த்தே கை பின்னால் வரவேண்டும், இடிக்கும்வரை. அதே வேகத்தில் முன்னால். போலித் தோட்டா ஐந்து வாங்கி, தினமும் தோளில் வைத்தபடியே ஓட்டிப் பழகுங்கள். இடுப்பில் வைத்து ஓட்டிப் பழகினால் தோளில் வைக்கும்போது கை மறந்துவிடும்.

மீதி இரண்டில், மேகசினிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா நழுவினால் தோட்டாத் தடுப்புத் தகடு தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். சுட்ட தோட்டா சேம்பரில் ஒட்டிக்கொண்டு வரமறுத்தால், சேம்பர் சொரசொரப்பு அல்லது துரு, இல்லாவிட்டால் மலிவான தோட்டாவின் அடித்தகடு வீங்கியிருக்கிறது. வேறு தோட்டா போட்டுப் பார்த்த பிறகுதான் துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டும்.

சென்னையில் வாங்குவது

இங்கே தேர்வு மிகக் குறுகல். தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய முடியாது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி உண்டு. ஆகவே கையில் கிடைப்பது இரண்டு வகை: கைமாறிக் கைமாறி வரும் பழைய வெளிநாட்டுச் சரக்கு, அல்லது உள்நாட்டுத் தயாரிப்பு. நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையே 12 போர் பம்ப் துப்பாக்கி செய்திருக்கிறது. அது இலேசு இல்லை. ஆனால் புதுசு, உதிரிபாகத்துக்குக் கடல் தாண்ட வேண்டாம். வீட்டுப் பாதுகாப்புக்கு எடை ஒரு குறையும் இல்லை. 12 போரின் உதையை எடைதானே தாங்குகிறது.

ட்ராப், ஸ்கீட் என்னும் களிமண் தட்டு சுடும் போட்டிக்குப் போகும் ஆசை இருந்தால் பம்பே வேண்டாம். பன்னாட்டுச் சுடுதல் சம்மேளன விதிகள் பம்ப் ஆக்‌ஷனைப் பெயர் சொல்லி விலக்குகின்றன. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுபவர்கள் தொடக்கத்திலேயே மேலும் கீழுமான இரட்டைக்குழலில் பழகட்டும்.

லைசென்ஸ் மாநகரில் போலீஸ் கமிஷனரிடம். 2022-இலிருந்து சென்னை, தாம்பரம், ஆவடி என மூன்று கமிஷனரேட் இருக்கின்றன. வீடு எதில் வருகிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், உரிமம் ஐந்தாண்டு. தனியாளிடமிருந்து வாங்கினால், விற்பவர் எழுத்து மூலம் அறிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடை வழியாகப் போனால் அலைச்சல் குறைவு.

குழல் நீளத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். 20 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன் இங்கே தடைசெய்யப்பட்ட வகை. அமெரிக்காவில் 18½ அங்குலக் குழல் சர்வசாதாரணம். அப்படி ஒன்று எப்படியோ இங்கே சுற்றிக்கொண்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். குழலை வெட்டிக் குறைப்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

பழையதைச் சோதிக்கும் வரிசை: குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. வெளியே விரலை ஓட்டினாலும் தட்டுப்படும். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். லேசான துருப்புள்ளி பரவாயில்லை, சேம்பருக்குள் குழிக்குழியாக இருந்தால் வேண்டாம். சோக் கையால் கழல வேண்டும். பல வருடம் கழற்றாமல் விட்டது வெல்டு வைத்த மாதிரி இறுகியிருக்கும். சேம்பர் நீளம் குழலில் பொறித்திருக்கும். 65 மி.மீ. என்று இருந்தால் 70 மி.மீ. தோட்டா போடவே கூடாது. போட்டால் உள்ளே நுழையும், அதுதான் ஆபத்து. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

பிறகு போலித் தோட்டா போட்டு ஓட்டுங்கள். வேகமாக ஒரு முறை, மிக மெதுவாக ஒரு முறை, துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு முறை. பூட்டி நிற்கும்போது பட்டனை அழுத்தாமல் முன்கட்டை நகரக் கூடாது. சேஃப்டி போட்டு விசையை அழுத்தி, விரலை எடுத்து, சேஃப்டியை விடுவியுங்கள். அப்போது சுத்தி விழுந்தால் அந்தத் துப்பாக்கி யாரையோ கொல்லக் காத்திருக்கிறது. கடைசியாக, பொறித்திருக்கும் எண்ணும் விற்பவர் லைசென்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று நீங்களே படியுங்கள். எண்ணைத் தேய்த்து மறுபடி பொறித்த தடம் இருந்தால் பணம் கொடுக்காமல் வெளியே வாருங்கள்.

உப்புக் காற்று

பெசன்ட் நகரிலோ திருவொற்றியூரிலோ வீடு என்றால் துப்பாக்கிக்கு முதல் எதிரி கடல்தான். பளபளப்பான நீலப் பூச்சைவிட மேட் பூச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதன் நுண்துளைகளில் ஈரம் தங்கும். தொட்டாலே விரல் வியர்வை தடமாகிவிடும், எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைக்க வேண்டும். ரெக்சின் உறையிலும் பஞ்சு வைத்த பெட்டியிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அவை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், தோட்டா வேறு பூட்டில். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி மேகசின் குழாய்க்குள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, இரண்டு சொட்டு.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். போலீஸ் நிலையத்தில் கொடுக்கலாம், உரிமம் பெற்ற கடையிலும் கொடுக்கலாம், ரசீது கட்டாயம். கொடுக்கும் முதல் நாள் குழலுக்குள் தடிமனாக எண்ணெய் பூசி, வெளியே மெழுகு தடவி, மேகசின் குழாயைத் திறந்து ஸ்பிரிங்கையும் எண்ணெயில் துடைத்து மாட்டுங்கள். திரும்பக் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வந்ததும் குழலுக்குள் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுத்த பிறகுதான் தோட்டா போட வேண்டும்.